பதினேழாம் அறிவிப்பு

ரயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் என் நண்பன் எபினேசர் அன்று மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் சொன்னதை ஆறு வருடமாகச் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச முடியும். முழுதாக நம்பவில்லை, முழுதாக மறுக்கவும் இல்லை. செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்லை உதறாமலே நடந்து பழகிவிட்டவனைப் போல அதோடு ஆறு வருடம் அலுவலகம் போய் வந்திருக்கிறேன். "யாருக்குமே தெரியாதுடா மாசி," என்றான். "வண்டி தானா நின்னுச்சு. சிக்னல் சரியானதும் தானா கிளம்பிச்சு. உள்ள ஒருத்தருக்கு முடியலன்னு கண்ட்ரோல் ரூமுக்குத் தகவலே வரல. வந்திருந்தா நான் சும்மா உட்கார்ந்திருப்பேனா? கமலாக்கா எனக்கும் அக்காதானேடா." என் அக்கா கமலவேணி அப்போது இரண்டு சுவர் தள்ளி ஒரு பச்சைத் துணிக்கு அடியில் கிடந்தாள். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள், தலைமையாசிரியை, ஒருநாளும் தாமதமாகப் போகாதவள். சுரங்கத்துக்குள் முப்பத்து நான்கு நிமிடம் நின்ற ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எபினேசரின் கை என் தோளில் இருந்தது. கண் சிவந்திருந்தது. அழுத கண்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் அன்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. எட்டு இருபதுக்குக் குயவர்மேடு நிலையத்தில் தானியங்கிக் கதவு என்னை உள்ளே விட மறுத்தது. அட்டையை வைத்தேன், சிவப்பு விளக்கு. மீண்டும் முயற்சிக்கவும் என்றது. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும். பின்னால் வரிசை நீண்டது, மூச்சு பிடரியில் பட்டது, யாரோ ஒருவன் "அட்டையத் திருப்பி வைங்க சார்" என்றான், இன்னொருவன் "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நின்னு வெளாடுங்க, எங்களுக்கு ஆபீஸ் இருக்கு" என்றான். பெரியவரே. ஐம்பத்தொன்பது வயதில் முதன்முறையாக அந்தச் சொல் என் முதுகில் விழுந்தது. நான் ஓரமாக நிற்கவில்லை. நிற்க மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். முன்பு அங்கே ஒரு கவுன்ட்டர் இருந்தது. ருக்மாங்கதன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அட்டையை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு மேலே தூக்கிப் பார்த்து "இதுக்கு உடம்பு சரியில்ல சார்" என்று சொல்லிப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவார். இப்போது ஷட்டர். ஷட்டரில் ஒரு பலகை: பயணிகள் தானியங்கி இயந்திரத்தைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். யார் கேட்டுக்கொள்வது என்று அதில் இல்லை. இருக்காது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான், எனக்குத் தெரியும். மீண்டும் முயற்சிக்கவும் என்பதும் நான் எழுதியதே. ஐந்தாம் முறை கதவு திறந்தது. முதல் நான்கு முறை ஏன் திறக்கவில்லை என்று அதைக் கேட்டுப் பயனில்லை. நான் எழுதிய தமிழால் என்னையே நிறுத்திவைக்கிற ஊரில் தினமும் காலை எட்டு இருபதுக்கு உள்ளே நுழைகிறேன்.

பதினோரு வருடம் முன்பு, ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்திய கோடையில், எபினேசர் ஒரு கத்தைத் தாளோடு வந்தான். கல்லூரி விடுதியில் நானும் அவனும் ஒரே அறை. அவன் பொறியியல் பக்கம் போனான், நான் மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றில் நாற்காலி தேய்க்கப் போனேன். "நாப்பத்திரண்டு வாக்கியம்டா. உனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. வெளியாள் கிட்ட கொடுத்தா 'மதிப்பிற்குரிய பயணப் பெருமக்களே'ன்னு ஆரம்பிப்பான். நீ மனுஷன் பேசுற மாதிரி எழுது," என்றான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் உண்டு. ஓரத்தில் அவன் கையெழுத்தில் தானாக, அல்லது கையால் என்று குறித்திருந்தான். தானாக என்றால் நேரம் வந்ததும் இயந்திரமே ஒலிபரப்பும். கையால் என்றால் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஆள் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால்தான் வரும். பதினான்காம் எண், தானாக: ரயில் சற்று நேரத்தில் புறப்படும், தாமதத்துக்கு வருந்துகிறோம். "யாருடா வருந்துறது?" என்று கேட்டேன். "நிர்வாகம்னு வெச்சுக்கோ," என்று சிரித்தான். பதினேழாம் எண்ணுக்கு எதிரே கையால் என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தான். பெட்டிக்குள் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் போடுவதற்கு. நான் அதற்கு எழுதியது: அமைதியாக அமர்ந்திருக்கவும், உதவி அனுப்பப்படும். எதிரே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவது வழக்கம். அவள் சிவப்புப் பேனாவை மூடாமலே சொன்னாள்: "அனுப்பப்படுமா? எப்போ, அடுத்த வருஷமா? வந்துகொண்டிருக்கிறதுன்னு போடுடா. ஒண்ணாங்கிளாஸ்ல முதல் நாள் பிள்ளைங்க கத்துமே, அம்மா வருவாங்கன்னு சொன்னா நிக்காது. அம்மா வந்துகிட்டே இருக்காங்க, அதோ தெருமுனைன்னு சொல்லணும். அழுகை டக்குன்னு நின்னுடும்." நான் அடித்துவிட்டு எழுதினேன். அமைதியாக அமர்ந்திருக்கவும், உதவி வந்துகொண்டிருக்கிறது. அவள் சொன்னது சரி. அந்த வாக்கியம் வேலை செய்யும். அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நிற்கும்போது ரயில் நின்றது. உப்புக்கிடங்கு நிலையம் தாண்டி, கோட்டைவாசல் வருவதற்கு முன். எங்கே என்று சன்னலைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அக்காவின் ரயில் நின்றதும் இங்கேதான், ஆறு வருடமாகத் தினமும் கடக்கிறேன், தண்டவாளம் லேசாக இடதுபக்கம் வளைகிற இடம். வெளியே கறுப்புச் சுவர், சுவரில் ஓடும் கனத்த கேபிள்கள், ஒரு மஞ்சள் விளக்கு. ஓட்டுநர் அறை என்று ஒன்று இந்த ரயிலில் கிடையாது. முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு குழந்தைகள் நிற்பார்கள், வண்டியைத் தாங்களே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு. குழந்தைகளாவது நினைக்கிறார்கள். விசிறிச் சத்தம் குறைந்தது, குளிர்காற்று நின்றது, அதுவரை கேட்காத சத்தங்கள் கேட்டன: யாருடைய இயர்போனிலிருந்தோ கசியும் பாட்டு, ஒரு பிளாஸ்டிக் பை, ஓர் இருமல். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மனதுக்குள் எண்ணினேன். நூற்றெண்பது எண்ணி முடிப்பதற்குள் பதினான்காம் அறிவிப்பு வந்தது. ரயில் சற்று நேரத்தில் புறப்படும். தாமதத்துக்கு வருந்துகிறோம். அந்தப் பெண் குரல் யாருடையதோ, பதினோரு வருடத்தில் அதற்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞன் போனில் சொன்னான்: "ஆமா சார், டனல்லதான் சார். சத்தியமா சார். வேணும்னா போட்டோ அனுப்பட்டா? இருட்டாத்தான் சார் இருக்கும், டனல்னா பின்ன..." வளையல் பெட்டியை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா அவனைப் பார்த்து, "இன்னா தம்பி, மேனேஜர் நம்ப மாட்றாரா? என்கிட்ட குடு, நான் சொல்றேன். என் புருஷன் இருபது வருசமா நான் சொல்றத நம்பிக்கினுதான் இருக்கான்," என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜோதிமலரை நினைத்துக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள், கையில் அக்காவின் குடையோடு. செவிலியர் படிப்பில் கடைசி வருடம். அந்தப் பெட்டியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல், ஒரே மூச்சில் சொன்னாள். பொத்தானை நாலு தடவை அமுக்கினோம் சார். கோட்டைவாசல் முந்நூறு மீட்டர்தான் சார், ரெண்டு பசங்க கதவைத் திறந்து தூக்கிட்டுப் போயிடலாம்னாங்க, கைப்பிடியில கை வெச்சுட்டாங்க. அப்பத்தான் அந்த அறிவிப்பு வந்துச்சு, உதவி வந்துகொண்டிருக்கிறதுன்னு. சரி, வர்றாங்களேன்னு எல்லாரும் உட்கார்ந்துட்டோம். அப்புறம் பத்தொன்பது நிமிஷம் யாரும் வரல சார். பத்தொன்பது. அவள் அதை எண்ணியிருந்தாள், நாடியையும் எண்ணிக்கொண்டிருந்தவள் அல்லவா. எழுந்து போகும்போது வாசலில் நின்று இன்னும் இரண்டு சொன்னாள். அந்த அறிவிப்புக்கு முன்னாடி யாரோ தொண்டையைச் செருமுற சத்தம் மைக்ல கேட்டுச்சு சார், அதனால ஒரு தைரியம், யாரோ ஆள் இருக்காங்கன்னு. அப்புறம், அந்த அம்மா அதைக் கேட்டுச் சிரிச்சாங்க சார். வலியில சிரிச்ச மாதிரி இல்ல. நல்லாவே சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை. தன் வாக்கியத்தைத் தானே கேட்டுச் சிரித்தாளா, பார்த்தாயா, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று? இல்லை, இந்தப் பொய்யை நான்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று சிரித்தாளா? ஒன்றாம் வகுப்புக் குழந்தை அம்மா வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று அவளிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

எபினேசரிடம் கேட்டேன், கேட்காமல் இல்லை. ஆனால் கேட்ட விதம் இருக்கிறதே. ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், பொதுவாகக் கேட்பதுபோல: ஏன்டா, பதினேழு இன்னும் கையாலதான் போடுறீங்களா? "அதெல்லாம் எப்பவோ ஆட்டோமேட்டிக் ஆக்கியாச்சுடா," என்றான், இலையைப் பார்த்துக்கொண்டு. பொத்தானை நாலு தடவை அமுக்கியதாக ஒரு பெண் சொல்கிறாளே என்றேன். "பயத்துல இருந்த பொண்ணுடா அது. விசாரணையில ரெண்டு தடவைன்னு சொல்லிச்சு, உன்கிட்ட நாலு தடவைன்னு சொல்லுது. மெஷின்ல ஒரு அழைப்பும் பதிவாகல. மெஷின் பொய் சொல்லுமா?" அந்தக் கேள்வியோடு மோர் வந்துவிட்டது. நான் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது, நட்பு, முப்பத்தைந்து வருடம், அவன் மகள் என்னை மாமா என்று கூப்பிடுகிறாள். நல்ல காரணத்துக்கு அடியில் அழுக்குக் காரணம் ஒன்று இருந்தது. அவன் சொன்ன கதை அவனை மட்டும் காப்பாற்றவில்லை. இயந்திரம் தானாகப் பேசியது என்றால், அந்த இரண்டு பையன்களின் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்க வைத்தது இயந்திரம். ஓர் ஆள் போட்டான் என்றால், போட்டது அவன், எழுதியது நான். அந்தக் கதையின் நிழலில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். வெயிலில் முதலில் யார் காலெடுத்து வைப்பது என்று ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமையோடு அவன் ஓய்வு பெறுகிறான். பிரிவுபசார அழைப்பிதழ் என் சட்டைப் பையில் இருக்கிறது, இப்போது, வேர்வையில் நனைந்துகொண்டு. "நீதான்டா பேசணும். பிழையில்லாத பதினோரு வருஷம்னு ஒரு வரி சேர்த்துக்கோ," என்று போனில் சொன்னான். அவன் சிரிக்கவில்லை. நான் சரி என்றேன். மறுபடியும் ஒரு தலையாட்டல்.

எதிர் இருக்கையில் டிபன் பையைப் பிடித்திருந்தவரின் கை நழுவியது. பை கீழே விழுந்தது, மூடி திறந்து இட்லியும் பொடியும் தரையில். நாற்பத்தைந்து வயது இருக்கும், முகம் நனைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகியிருந்தது. "சுகரா சார்?" என்று அடையாள அட்டைப் பையன் குனிந்து கேட்டான். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டு நடு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், ஏதோ முகவரி காட்டுவதுபோல, மரியாதையாக. "இடது கை... கனமா இருக்கு தம்பி," என்றார். வளையல் அம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கதவருகே இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது, பொறுமைக்கு நன்றி, என்றது. இருபத்தொன்றாம் எண். நான் எழுதியது. மறுபடி அமுக்கினாள். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது. "அடச்சீ, யாராச்சும் மன்சன் இருந்தா பேசுங்கடா!" என்று பொத்தானைப் பார்த்துக் கத்தினாள். பதிவு செய்யப்பட்டது. அப்படியென்றால் அன்றும் பதிவாகியிருக்கும், நாலு தடவையோ இரண்டு தடவையோ. மெஷின் பொய் சொல்லாது, சரி, மெஷினைப் பார்த்துப் படித்துச் சொன்னவன்? இரண்டு பேர் கதவருகே போனார்கள். ஒருவன் அவசரக் கைப்பிடியின் கண்ணாடி மூடியை விரலால் தட்டிப் பார்த்தான். "ஒடச்சிடலாமா? ஸ்டேஷன் பக்கத்துலதான்." அப்போது ஒலிபெருக்கியில் ஒரு சின்ன கிளிக் சத்தம். பிறகு ஒரு செருமல். தொண்டையில் முள் சிக்கியதுபோல இரண்டு தடவை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி, பிறகு மூன்றாவது, கொஞ்சம் உரக்க. விடுதி அறையில் நான்கு வருடம் விடியற்காலையில் என்னை எழுப்பிய செருமல். தேர்வு அரங்கில், அவன் கல்யாண மேடையில், அக்காவின் படத்துக்கு மாலை போடும்போது. அதற்குப் பிறகு அந்த வயதாகாத பெண் குரல்: அமைதியாக அமர்ந்திருக்கவும். உதவி வந்துகொண்டிருக்கிறது.

கைப்பிடியிலிருந்து கை எடுக்கப்பட்டதை நான் பார்த்தேன். இதைத்தான் ஜோதிமலர் சொன்னாள், இதைச் சொல்லத்தான் அவள் குடையைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்திருந்தாள், இப்போது என் கண்ணெதிரே நடக்கிறது. ஒருவரும் யாரையும் அதட்டவில்லை. பெட்டி முழுக்க ஒரு பெருமூச்சு. "வர்றாங்களாம்," என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொன்னார், கேட்காதவருக்குச் சொல்வதுபோல. கதவருகே நின்றவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். வளையல் அம்மா டிபன்காரரின் முதுகைத் தடவி, "வந்துக்கினே இருக்காங்க, அதோ வந்துட்டாங்க, பயப்படாத" என்றாள், அக்காவின் அதே தாளத்தில். நான் நின்றுகொண்டிருந்தேன். அமர்ந்திருக்கவும் என்று என் தமிழ் என்னிடமும் சொன்னது. என் முழங்கால் அதற்குக் கீழ்ப்படியப் பார்த்தது, உண்மையைச் சொல்கிறேன், லேசாக மடங்கியது. உட்கார மாட்டேன் என்று சொன்னேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் பார்த்தார்கள். "யாராவது வர்றாங்களான்னு அதுக்குத் தெரியாது," என்றேன். "அது வெறும் வாக்கியம். அதை எழுதினது நான்."

"நீங்களா?" என்றான் அடையாள அட்டைப் பையன்.

"நான்தான்."

வளையல் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எழுதிட்டு நல்லாத்தான் நிக்கிற. எழுதுனவனுக்கு யாரக் கூப்பிடணும்னு தெரியுமில்ல? கூப்பிடு."

தெரியும். அதுதான் விஷயம், எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்றாவதாக ஒரு வாக்கியம் இருந்தது. பொத்தானுக்குக் கீழே ஒட்டும் தாளுக்காக எழுதியது: பத்து விநாடி விடாமல் அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையோடு நேரடியாகப் பேசலாம். எபினேசர் அதைப் படித்துவிட்டு, "இதை ஒட்டினா ஊரே எனக்குப் போன் பண்ணும்டா. கதவு திறக்கல, ஏசி பத்தல, பக்கத்துல இருக்கவன் குறட்டை விடுறான்னு. எடுத்துடு," என்றான். அலுவலகத்தில் பழகிய கை, மேலதிகாரி எடு என்றால் எடுத்துவிடும் கை. அளவுகோல் வைத்து நேர்க்கோடாக அடித்தேன். எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். இதை மட்டும் அவளிடம் வாசித்துக் காட்டவில்லை, அடித்த வரியை எதற்கு வாசிப்பது என்று. வாசித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். பத்து விநாடி. நாலு தடவையோ இரண்டு தடவையோ அமுக்கியவர்கள் ஒரு தடவை விடாமல் அமுக்கியிருப்பார்கள். நான் இட்லியை மிதிக்காமல் தாண்டிப் போய்ப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தேன். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது என்றது. விரலை எடுக்கவில்லை. மூன்று. நான்கு. தவறாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது என்று பக்கத்தில் எழுதியிருந்தது, அதுவும் நம்முடையதுதான், தண்டிக்கட்டும். ஏழு. விரல் நுனி வெளுத்தது. இந்தக் கேள்வியை ஆறு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: பதினேழை அன்னைக்கு யாருடா போட்டது. குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நடைபாதையில், அக்கா படத்துக்கு முன்னால். ஒன்பது. மணி அடித்தது, எங்கோ தரைக்கு மேலே, வெளிச்சமான ஓர் அறையில்.

"கண்ட்ரோல்," என்றது குரல். பிறகு செருமியது.

"எபி. மாசிடா."

"டேய்... நீ எப்படி இந்த லைன்ல வந்தே?"

"பத்து விநாடி அமுக்கினேன். நீ அடிக்கச் சொன்ன வரி. உப்புக்கிடங்குக்கும் கோட்டைவாசலுக்கும் நடுவுல நிக்கிறேன். ஒருத்தருக்கு நெஞ்சு வலி."

"தெரியும்டா, அழைப்பு வந்துச்சு. பதட்டப்படாதே. அறிவிப்பு போட்டேனே, கேக்கலியா?"

போட்டேனே. அவ்வளவுதான். ஆறு வருடம் பத்திரப்படுத்தி வைத்த கேள்வியை அவன் ஒரு சொல்லில், யோசிக்காமல், மேசைமேல் இருக்கும் பேனாவை நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டான். தானாக ஆக்கியாச்சு என்று சொன்னவனே போட்டேன் என்கிறான். எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் நான் நினைத்து வைத்திருந்த இடத்துக்கு வரவில்லை. பின்னால் டிபன்காரர் முனகுவது கேட்டது. முதலில் அது.

"எபி, நாங்க கதவைத் திறக்கப் போறோம். சுவரோரமா நடைத்திட்டு இருக்கு, ஒரு ஆளைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டுப் போகலாம். தண்டவாளத்துல மின்சாரத்தை நிறுத்து."

"டேய், விளையாடாதே. விதின்னு ஒண்ணு இருக்கு. நான் மேல கேக்கணும், அவங்க சொல்லணும்..."

"விதிப் புத்தகத்தைத் தமிழ் பண்ணினதும் நான்தான். உயிருக்கு ஆபத்துன்னா மேசையில இருக்கிறவர் தானே நிறுத்தலாம். யாரையும் கேக்க வேண்டாம். பக்கம் வேணுமா?"

அடையாள அட்டைப் பையன் போனைப் பையில் போட்டுவிட்டு டிபன்காரரின் ஒரு கையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். கதவருகே இருந்தவன் என்னையே பார்த்தான், நான் சொல்லட்டும் என்று. ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. என் நண்பனின் மூச்சு, அறுபது வயதின் மூச்சு, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்த மூச்சு.

"நிறுத்திட்டேன்," என்றான் கடைசியில். "ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திற. இடதுபக்கக் கதவு. கோட்டைவாசல்ல ஸ்ட்ரெச்சர் ரெடி பண்ணச் சொல்றேன்."

"இப்பத்தான் சொல்றியா?"

வளையல் அம்மா "கேட்டியா, இப்பத்தான் சொல்றாராம்" என்று பெட்டி முழுவதற்கும் சொன்னாள். நான் இரண்டு நிமிடம் எண்ணினேன். கண்ணாடி உடைந்தது, கைப்பிடி இறங்கியது, சுரங்கத்தின் ஈரக் காற்று முகத்தில் அடித்தது, எண்ணெயும் பழைய மழையும் கலந்த வாசனை. நான்கு பேர் அவரை இறக்கினார்கள். வளையல் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கி, போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "மெதுவா, மெதுவா, இங்க பள்ளம்" என்று வழி சொல்லிக்கொண்டே போனாள். அந்த வெளிச்சம் சுவரோரமாக ஆடிக்கொண்டே தூரமாகியது. முந்நூறு மீட்டர். இவ்வளவுதானா? இதோ கண்ணுக்குத் தெரிகிறது நடைமேடையின் வெள்ளை விளக்கு. அன்றும் தெரிந்திருக்கும். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"மாசி, இருக்கியாடா?" என்றான் அவன். "இறங்கிட்டாங்களா?"

யார் போட்டது என்பது இனிமேல் கேள்வியே இல்லை. ஒருவேளை என்றைக்குமே அதுவல்ல. போட்டது நீ, எழுதியது நான், சொல்லிக்கொடுத்தது அவள். மூன்று பேரும் சேர்ந்து செய்த வாக்கியம் அது, அதைக் கேட்டு அவள் சிரித்தாள். என்னிடம் பாக்கி இருப்பது ஒரு கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்தால் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். இதை நான் கேட்டால் வெள்ளிக்கிழமை எனக்கு மேடை இல்லை, நண்பன் இல்லை, அவன் மகள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியாது. உள்ளே மிச்சமிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும்.

"எபி," என்றேன், "அன்னைக்கு அக்கா இருந்த பெட்டிக்கு நீ பதினேழைப் போட்டப்போ, உண்மையிலேயே யாராவது கிளம்பியிருந்தாங்களாடா?"